எங்கும் போகாத பயணி

மாதிரி ரயில் செய்து விற்கும் ஒரு நிறுவனம் தன் இணையதளத்தைப் புதுப்பித்தால், மறுநாள் காலையில் வருவது வாழ்த்தாக இருக்காது, வசவாக இருக்கும். படம் பெரிதாகிவிட்டது, எழுத்து சிறுத்துவிட்டது, பழைய பட்டியலை எங்கே ஒளித்து வைத்தீர்கள் என்று ரசிகர்கள் வரிசைகட்டிப் புலம்புவார்கள். பக்கத்திலிருந்து கேட்பவர், “பெரிசுகளுக்குப் புதுசு பிடிக்காது” என்று தீர்ப்பு எழுதி முடித்துவிடுவார். தஞ்சாவூர்ப் பக்கத்து ரயில் பைத்தியங்களை வைத்துப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு மேல்முறையீட்டில் நிற்காது. அவர்களை உறுத்துவது புதிய தளம் வாசலிலேயே மறித்துக் கேட்கும் கேள்வி: “உங்களுக்கு என்ன வேண்டும்?” ரசிகரிடம் இதற்குப் பதில் கிடையாது. என்ன வேண்டும் என்றே தெரியாமல் சுற்றிக்கொண்டிருப்பதுதான் அவருடைய பொழுதுபோக்கு.

புதுசு பிடிக்காதவர் காவிரி டெல்டாவில் ரயில் ரசிகராகக் காலந்தள்ளவே முடியாது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு 1861, 1862-இல் போட்டது அகலப் பாதை. அடுத்த பதினைந்து வருஷத்துக்குள் அதை மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓட்டிவிட்டு, “முதலில் போட்டதே சரி” என்பதுபோல மறுபடியும் அகலமாக்கினார்கள். 1926-இல் வந்த மயிலாடுதுறை–தரங்கம்பாடி ரயில் 1986-இல் போயே போய்விட்டது. 2010 டிசம்பரில் நாலு இலக்க ரயில் எண்கள் எல்லாம் ஐந்து இலக்கமாயின. பாதி ஆயுளைச் செலவழித்து மனப்பாடம் செய்தவை ஒரே ராத்திரியில் செல்லாமல் போயின. ரசிகர்கள் நாலு நாள் புலம்பினார்கள். ஐந்தாம் நாள் புது எண்களை உருப்போட உட்கார்ந்தார்கள். மீட்டர் கேஜின் கடைசி ரயிலுக்குக் கண்கலங்கி நிற்கும் அதே கூட்டம்தான், பிராட் கேஜின் முதல் ரயிலுக்கு மாலையோடு வந்து நிற்கும். தண்டவாளத்தையே மாற்றிப் போட்டதைப் பொறுத்துக்கொண்டவர்கள் ஒரு இணையதளத்துக்கா மிரளப் போகிறார்கள்?

ரயில் டிக்கெட் விற்கும் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இலும், பிறகு 2020-இன் கடைசி நாளிலும் அது புதுக்கோலம் பூண்டது. டிக்கெட் எடுப்பவருக்குச் சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது கேட்பது மூன்று: எங்கிருந்து, எங்கே, எந்தத் தேதி. கால அட்டவணைப் புத்தகம் இப்படி யாரையும் விசாரித்ததில்லை. பக்கத்தைப் புரட்டினால் விழுப்புரம் தொடங்கித் திருச்சி வரை அந்தப் பாதையின் அத்தனை நிலையங்களும் மேலிருந்து கீழாக நிற்கும்; ரயில்கள் பக்கவாட்டில் அணிவகுக்கும். எந்த வண்டி பாபநாசத்தில் நிற்கிறது, எது நிற்காமல் அவமானப்படுத்துகிறது, எந்த இரண்டு வண்டிகள் எங்கே ஒன்றுக்கொன்று வழிவிடும் என்பதெல்லாம் ஈஸிசேரை விட்டு எழுந்திருக்காமல் தெரிந்துவிடும். பழைய பட்டியல் பிராகாரம் சுற்றுவது மாதிரி. தேடல் பெட்டி சிறப்பு தரிசன வரிசை மாதிரி. வரிசையில் போனால் சுவாமியைச் சீக்கிரம் பார்க்கலாம். ஆனால் பெரிய கோயிலுக்கு வந்தவர் கருவறையை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறினால் அவரை என்னவென்று சொல்வது?

தேடல் பெட்டிக்கு இன்னொரு குறை உண்டு. பயன் இல்லாததை அது காட்டாது. ரசிகருக்கோ அதில்தான் ருசி. திருவாரூர்–காரைக்குடி அகலப் பாதையில் 2019-இல் ரயில் விட்டபோது கேட்டுகளுக்கு ஆள் போதவில்லை. ஆகவே கேட் கீப்பர்களையே ரயிலில் ஏற்றிக்கொண்டார்கள். கேட் வருமுன் வண்டி நிற்கும். முன்பக்கத்திலிருந்து ஒருவர் இறங்கிக் கேட்டைச் சாத்துவார். வண்டி கடந்து மறுபடி நிற்கும். பின்பக்கத்திலிருந்து ஒருவர் இறங்கித் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். 149 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எந்தத் தளத்திலும் ‘விரைவானது முதலில்’ என்று அடுக்கினால் இந்த ரயில் கடைசியில் கிடக்கும். ரசிகர் பட்டியலில் இதற்குத்தான் முதலிடம். அதைவிட வேடிக்கை, டெல்டாவின் முக்கியமான பயணியை எந்த டிக்கெட் தளமும் அறியாது. அறுவடைக் காலத்தில் தஞ்சாவூரிலிருந்தும் நீடாமங்கலத்திலிருந்தும் வேகன் வேகனாக நெல் வெளிமாவட்ட அரவைக்குப் போகிறது. நெல் டிக்கெட் எடுப்பதில்லை. அதனால் ‘ரயில்கள் எதுவும் இல்லை’ என்று தளம் சொல்லும். அந்தச் சரக்கு ரயிலுக்காக மூடிய நீடாமங்கலம் கேட்டில் காத்திருப்பவரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

“மாதிரி ரயில் நிறுவனம் விற்றுப் பிழைக்க வேண்டாமா? புதிதாக வருகிறவன் பழைய குப்பையில் முங்கித் திணற வேண்டுமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய தளங்கள் பலவும் புதியவரை விரட்டியடித்தன என்பதும் உண்மை. அந்த விரட்டலில் பழையவர்களுக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது என்பதும் உண்மை. ஆனால் இந்த வியாபாரத்தின் அஸ்திவாரம் எது? ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891-இலேயே மாதிரித் தண்டவாளங்களுக்கு இன்ன அளவு என்று வகுத்தது. இந்த வருஷம் வாங்கிய எஞ்சினோடு அடுத்த வருஷம் ஒரு பெட்டி, அதற்கடுத்து ஒரு பாலம் என்று சேர்த்துக்கொண்டே போகலாம் என்பதுதான் அதன் சூட்சுமம். பாலம் வேண்டும் என்று நினைத்து யாரும் வருவதில்லை. எஞ்சினைப் பார்க்க வந்து, பக்கத்தில் பாலத்தைக் கண்டு, பர்ஸைத் திறப்பார்கள். கேட்டதை மட்டும் கொடுக்கும் கடைக்காரர் கேட்காததை விற்க முடியாது.

பரிகாரம் சுலபம். தேடல் பெட்டி இருக்கட்டும். அதன் கீழே ‘சும்மா பார்க்க வந்தேன்’ என்று ஒரு பொத்தான் வைத்து, முழுப் பட்டியலையும் ஒரே பக்கத்தில் விரித்துவிட்டால் போதும். அப்புறம் புகார் வராதா என்றால், வரும். பொத்தானின் பச்சை சரியான பச்சை இல்லை என்று அன்று சாயங்காலமே வரும். 1,676 மில்லிமீட்டர் இந்திய அகலப் பாதையை மாதிரி ரயிலுக்காக 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 19.3 மில்லிமீட்டர் வர வேண்டும், நீங்கள் 16.5-இல் தண்டவாளம் விற்கிறீர்களே என்று மல்லுக்கு நிற்கிற ஜாதி அது. அதற்காக நிறுவனம் கோபித்துக்கொள்ள முடியாது. எஞ்சினில் ரிவெட் ஒன்றுகூடக் குறையாது என்று விளம்பரம் செய்து, அவர்களை எண்ணப் பழக்கியதே நிறுவனம்தானே!