எல்லோரும் முதலிடம்: தாளாளருக்கு ஒரு பாராட்டுக் கடிதம்

பெருமதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களுக்கு,

இந்த ஆண்டு விளையாட்டு விழாவில் முதல், இரண்டாம், மூன்றாம் இடங்கள் கிடையாது, கலந்துகொள்ளும் குழந்தைகள் எல்லோருமே வெற்றியாளர்கள் என்று தாங்கள் அனுப்பிய சுற்றறிக்கை கிடைத்தது. விழாவும் இனிதே நடந்தேறியது. வரவேற்பு நடனம் ஒன்றரை மணி நேரம், சிறப்பு விருந்தினர் உரை முக்கால் மணி நேரம், ஓட்டப்பந்தயங்கள் எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். பிள்ளைகளை வெயிலில் வாட்டாத தங்கள் கருணைக்கு முதலில் ஒரு நன்றி.

தோற்றால் பிஞ்சு மனம் வாடிவிடும் என்கிறீர்கள். நியாயம்தான். அதே பிஞ்சுகளை வாரத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து 'ஏ' பிரிவு, 'டி' பிரிவு என்று பிரித்து உட்காரவைப்பதும், ரேங்க் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் ஊரறியப் போடுவதும் வேறு கணக்கு; இரண்டையும் நான் குழப்பிக்கொள்ளவில்லை. பொதுத்தேர்வில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-லேயே கைவிட்டது. தாங்களும் அரசு சொல்லைத் தட்டவில்லை, மைதானத்தில் நிறைவேற்றிவிட்டீர்கள். வாசலில் 497 எடுத்த மாணவியின் படத்தோடு நிற்கும் ஃபிளக்ஸுக்கு மட்டும் சேதி இன்னும் எட்டவில்லை போலும்.

சிறப்பு விருந்தினர் டோக்கியோ ஒலிம்பிக் உயரம் தாண்டுதலை எடுத்துக்காட்டினார். கத்தாரின் பர்ஷிமும் இத்தாலியின் தம்பேரியும் தங்கத்தைப் பகிர்ந்துகொள்ளவில்லையா, போட்டியாவது ஒன்றாவது, நட்புதான் பெரிது என்றார். நல்ல கைதட்டல். நேரமின்மையால் அவர் விட்டுவிட்ட சில்லறை விவரங்களை நான் சேர்த்துவிடுகிறேன். அந்த இருவரும் 2.37 மீட்டர் வரை ஒரு முறைகூடக் குறுக்குக் கம்பியைத் தட்டாமல் வந்தவர்கள். 2.39-இல் இருவருமே மூன்று முறையும் தட்டினார்கள். பகிர்ந்துகொள்ளும் பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. அதே 2.37-ஐத் தாண்டிய பெலாரஸ் வீரர் நெடசெக்காவுக்கு வெண்கலம்தான். முன்னதாகக் கம்பியைத் தட்டிய கணக்கு அவர் பேரில் இருந்தது. பாவம், நம் பள்ளியில் சேர்ந்திருக்கலாம்.

உண்மையில் உயரம் தாண்டுதல் தங்கள் கொள்கைக்கு ஆகாத விளையாட்டு. கம்பி ஏறிக்கொண்டே போகும். வென்றவரும் பெரும்பாலும் மூன்று முறை தொடர்ந்து தட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவைப் பாருங்கள். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவில் வெள்ளி. 2024 பாரிஸில் வெண்கலம். எவ்வளவு மன உளைச்சல்! ஒரு மனிதர் இப்படித் திரும்பத் திரும்ப ஓடிவந்து குதிக்கக் காரணம், பள்ளிக்கூடத்தில் ஒரு உடற்கல்வி ஆசிரியர் அவரைத் தாண்டச் சொன்னதுதான். நம் பள்ளியில் அந்த அபாயம் இல்லை. பி.டி. பீரியட் கணக்கு சாரிடம் பத்திரமாக இருக்கிறது, பி.டி. சார் பஸ் டியூட்டியில் இருக்கிறார்.

இனி நம் விழாவில் நடந்த எட்டாம் வகுப்புப் பெண்களின் 400 மீட்டர். எப்படியும் எல்லோருக்கும் பதக்கம்தானே என்று இரண்டு பேர் பாதியிலேயே சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, மைதானத்தின் குறுக்கே நடந்துவந்து முடிவுக் கோட்டருகே நின்றுகொண்டார்கள். புத்திசாலிகள், முன்னுக்கு வருவார்கள். இன்னொரு பெண் வளைவில் சறுக்கி விழுந்தாள். முழங்காலில் மண்ணும் ரத்தமுமாக எழுந்து, விட்ட இடத்திலிருந்து ஓடி முடித்தாள். அவள் வந்து சேர்வதற்குள் அடுத்த நடனத்துக்குப் பாட்டு போட்டுவிட்டார்கள். குறுக்கே நடந்தவர்களுக்குக் கிடைத்த அதே பதக்கம்தான் அவள் கழுத்திலும் விழுந்தது. அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த பதக்கம். அதில் போன வருடத்துத் தேதி.

"மிஸ், நான் எத்தனாவது?" என்று கேட்டாள்.

"எல்லாருமே ஃபர்ஸ்ட்தான்டா கண்ணு."

அவளுக்கு அது போதவில்லை. நொண்டிக்கொண்டே வாசல் பக்கம் போய் வாட்ச்மேன் தாத்தாவிடம் கேட்டாள். அவர் யோசிக்கவே இல்லை. "ஆறாவது வந்தே பாப்பா. குறுக்கால வந்தாளுவளே ரெண்டு பேர், அதுங்கள நான் சேர்க்கல. விழுகாம இருந்தா நாலாவது வந்திருப்பே."

"போன வருசம் எட்டாவது தாத்தா!" என்று சிரித்தாளே ஒரு சிரிப்பு, பதக்கம் வாங்கியபோது அதில் பாதிகூட இல்லை. ஆறாவது இடம் என்பது அவள் ஓடிச் சம்பாதித்தது. அதைத்தான் தாங்கள் கருணையோடு பிடுங்கிக்கொள்ளப் பார்த்தீர்கள்.

தங்களிடம் என் கோரிக்கைகள் சின்னவை. பி.டி. பீரியடை பி.டி. சாரிடமே திருப்பிக் கொடுங்கள். உயரம் தாண்டும் மணல்குழிமேல் நிற்கும் பள்ளி வேனை வேறு இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு முடிவுக் கோட்டில் நடுவராக அந்த வாட்ச்மேன் தாத்தாவை நிறுத்துங்கள். சம்பளம் கூடக் கேட்கமாட்டார். ஒரு விசில் வாங்கிக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
கட்டணத்தை மட்டும் ஒவ்வொரு பருவமும் முதல் ஆளாகக் கட்டிவரும்
ஒரு தகப்பன்