பள்ளத்துக்கு ஏற்ற டயர் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்: சாலை வரியைத் தவறாமல் கட்டிவிட்ட ஒரு கார்க்காரன்.

பெறுநர்: எங்கள் ஊர்ச் சாலைகளைப் பராமரிப்பதாகப் பலகை மாட்டியிருக்கும் பொறியாளர் அலுவலகம்.

பொருள்: காருக்குப் புது வீலும் டயரும் தேர்வு செய்தல் – தங்கள் மேலான ஆலோசனை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: பேருந்து நிலையம் முதல் ரயில்வே கேட் வரையிலான சாலை, நேரில்.

ஐயா,

டயர் வாங்குவதற்கு இந்த அலுவலகத்தில் எதற்கு மனு என்று தங்கள் எழுத்தர் கேட்கக்கூடும். முதலில் டயர் கடைக்குத்தான் போனேன். கடைக்காரர் என்ன கார் என்று கேட்கவில்லை, எவ்வளவு செலவு செய்யலாம் என்றும் கேட்கவில்லை. "தினம் எந்த ரோட்ல சார் போறீங்க?" என்றார். சொன்னேன். உதட்டைப் பிதுக்கினார். என் காருக்கு எந்த டயர் என்பதை முடிவு செய்வது நானும் இல்லை, கார் கம்பெனியும் இல்லை, தாங்கள்தான் என்று அப்போது விளங்கியது. ஆகவே இந்த மனு.

இப்போது என் காரில் இருப்பது 185/65 ஆர்15 88எச். அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம். ரிம் 15 அங்குலம். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை அது தாக்குப்பிடிக்கும். 88 எனக்குப் புரிகிறது. மாமியார் வீட்டிலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வரும் குடும்பம் எங்களுடையது. எச்சைத்தான் எங்கே பயன்படுத்துவது என்று தெரியவில்லை. தங்கள் சாலையில் இரண்டாவது கியரைத் தாண்டினாலே பின்சீட்டில் இருப்பவர்கள் கூரையைத் தொட்டுவிட்டு வருகிறார்கள்.

என் மகனுக்கு 17 அங்குல அலாய் வேண்டும். கறுப்பு நிறம், வாள் போல ஆரங்கள், நடுவில் சிவப்புக் கோடு. அவனை உட்காரவைத்துக் கணக்குப் போட்டேன். இப்போதைய சக்கரத்தின் மொத்த விட்டம் 621 மில்லிமீட்டர். 195/55 ஆர்16 போட்டாலும் அதே 621. 205/45 ஆர்17 போட்டால் 616. வெளி அளவு கிட்டத்தட்ட மாறாததால் ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. குறைவது ரப்பர்தான். ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே 15 அங்குலத்தில் 120 மில்லிமீட்டர் சுவர் நிற்கிறது, 16இல் 107, 17இல் 92. அந்த 28 மில்லிமீட்டர் ரப்பர்தான் தங்கள் துறையிடமிருந்து என்னைக் காப்பாற்றிவருகிறது. அதை அழகுக்காக விட்டுக்கொடுக்கச் சொல்கிறான் பையன். பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது மெல்லிய சுவர் ரிம்முக்கும் விளிம்புக்கும் இடையில் நசுங்கி, உள்ளே இருக்கும் நூல்கள் அறுந்து, வெளியே எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைத்துக்கொள்ளும். அதற்குப் பஞ்சர் ஒட்டவும் முடியாது. டயரைத் தூக்கி எறிய வேண்டியதுதான். அலாய் ரிம் நிலைமையும் அதேதான். "இரும்புன்னா தட்டி எடுத்துடலாம் சார். அலாய் விரிசல் விட்டுச்சுன்னா கதை முடிஞ்சுது" என்றார் கடைக்காரர்.

சட்டமும் என் பக்கம் இல்லை. தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மீறி மாற்றும் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். டயர் தேய்ந்தாலும் விடமாட்டார்கள். பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கார் சாலைக்கு வரக்கூடாது. ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் நான் குற்றவாளி.

அதே சட்டத்தில் தங்களுக்கும் ஒரு பிரிவு உண்டு: 198ஏ. சாலையைத் தரப்படி அமைக்காத, பராமரிக்காத அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். படித்ததும் மனம் குளிர்ந்தது. அடுத்த வரியையும் படித்துவிட்டேன்: அந்தக் குறையால் யாராவது சாக வேண்டும், அல்லது ஊனமாக வேண்டும். ரிம் கோணியதெல்லாம் கணக்கில் வராது.

காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். வழக்கமான பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் ஒன்றும் கிடையாது. அதே நேரத்தில் காரும் சேதமானால் டயர் விலையில் பாதி. இந்த விஷயத்தில் தாங்கள் எனக்கு உதவ முடியும். ரயில்வே கேட் திருப்பத்தில் இருக்கும் பள்ளத்தை இன்னும் அரையடி ஆழப்படுத்திக் கொடுத்தால் காரின் அடிப்பாகமும் சேர்ந்து அடிபடும், எனக்குப் பாதிப் பணமாவது தேறும். தற்போதைய ஆழம் யாருக்கும் பிரயோசனமில்லாத ஆழம்.

தங்கள் வேகத்தடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியச் சாலைக் குழுமத்தின் ஐ.ஆர்.சி. 99 என்ற வழிகாட்டி, வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு வழுவழுப்பாக வளைந்திருக்க வேண்டும் என்கிறது. 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் நோகாமல் கடக்க வேண்டுமாம். முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை, மேலே வண்ணப் பட்டை எல்லாம் அதில் உண்டு. எங்கள் தெருமுனையில் இருப்பது ஒரு திருமணத்துக்கு முதல்நாள் இரவு மீந்த தாரைக் கொட்டி எழுப்பியது. பெயின்ட் இல்லை, பலகை இல்லை. கட்டியது தாங்கள் இல்லை என்பது எனக்குத் தெரியும். இடிக்காதது தாங்கள்தான் என்பதும் தெரியும்.

டயர் மாட்டும் இடத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்க்குமாறு தங்கள் உதவிப் பொறியாளரை அனுப்பிவைக்க வேண்டுகிறேன். அவ்வளவு அளவு பார்க்கிறார்கள். நட்டுகள் அமையும் வட்டம் என் காருக்கு 100 மில்லிமீட்டர். 108 உள்ள ரிம் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஏறாது. நடுத்துளை பெரிதாக இருந்தால் வளையம் போட வேண்டும், இல்லாவிட்டால் 80 கிலோமீட்டரில் ஸ்டியரிங் உதறும். பையன் ஒருவன் டயரின் விளிம்பில் சோப்பு நீர் தடவி, காற்றை ஏற்றுகிறான். 'டப்' என்று விளிம்பு ரிம்மில் போய் உட்காருகிறது. பேலன்சிங் மெஷின் எத்தனை கிராம் குறைகிறது என்று காட்டுகிறது, அத்தனை கிராமுக்குத் துண்டு ஒட்டுகிறான். நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குகிறான். கடைசி முறுக்குக்கு, நட்டு முறுக்கும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, அளவு காட்டும் ஸ்பேனரை எடுக்கிறான். "நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க சார், இன்னொருவாட்டி டைட் பாத்துடலாம்." பத்தாம் வகுப்பைத் தாண்டாத பையன்.

டயருக்கும் வீலுக்கும் நம் மாநிலத்தில் பஞ்சமில்லை. 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே., வீலுக்குப் பாடியில் வீல்ஸ் இந்தியா. இந்தத் தொழில் செழிக்கத் தங்கள் அலுவலகம் பல்லாண்டுகளாகச் செய்துவரும் தொண்டை யாரும் பாராட்டுவதில்லை என்பது என் ஆதங்கம்.

ஒரே ஒரு யோசனை. ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டு 23ஆம் வாரம் பிறந்தது. பழைய சரக்கைத் தலையில் கட்டினால் கண்டுபிடித்துவிடலாம். இதே முறையைப் பள்ளங்களுக்கும் கொண்டுவாருங்கள். விளிம்பில் வெள்ளைப் பெயின்டில் எழுதினால் போதும்: அகலம், ஆழம், பிறந்த வாரம். ரயில்வே கேட் பள்ளத்துக்கு 4321 என்று போடலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய வாரத்தில் பிறந்தது, இன்றுவரை திடகாத்திரமாக இருக்கிறது. புதிதாக ஊருக்கு வருபவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் ரிம் அளவை முடிவு செய்துகொள்வார்கள்.

என் மகனிடம் 15 அங்குலம், அதுவும் இரும்பு ரிம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாகப் பேசவில்லை. அவனைச் சமாதானப்படுத்தவாவது அடுத்த மழைக்கு முன் அந்தத் திருப்பத்தில் இரண்டு லோடு ஜல்லியும் தாரும் கொட்டி, ரோலரை ஓட்டித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சாலை வரி செலுத்தியவன்.

நகல்: டயர் கடைக்கு, தகவலுக்காக. மேற்படி ஜல்லி வரும் வரை 15 அங்குலத்தில் இரண்டு டயரை எனக்கென்று எடுத்து வைக்கவும்.