கொத்தனாரும் நாவலும்

கேள்வி: பழைய வீட்டைப் புதுப்பிக்கிறோம். கொத்தனார் சத்தத்தில் என் நாவல் நகரவே மாட்டேன் என்கிறது. எழுத்தாளனுக்குத் தனி அறை வேண்டாமா?
– ஒரு வாசகர், கிழக்குத் தாம்பரம்

பதில்: வேண்டும்தான். ஆனால் 1966இல் ஜெமினி ஸ்டுடியோ வேலையை விட்ட அசோகமித்திரன், தி.நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்தே நிறைய எழுதினார். 1996இல் சாகித்திய அகாதெமி விருது கொடுத்தவர்கள் அறையின் அளவைக் கேட்கவில்லை. கடைசியில் அவரும் நம் பக்கம், வேளச்சேரிக்கு வந்துவிட்டார்.

உங்களுக்குப் பூங்கா எதற்கு? தாம்பரத்திலேயே புறப்படும் மின்சார ரயிலில் ஜன்னலோரம் பிடியுங்கள். கடற்கரை போய்த் திரும்ப இரண்டு மணி நேரம். அரை அத்தியாயமாவது தேறும். (காலை எட்டரை மணி வண்டி வேண்டாம். பேனாவை எடுக்கக் கை வெளியே வராது.) இலக்கியக் கூட்டங்களைக் குறைத்தால் இன்னொரு அரை.

கொத்தனாரைத் திட்டாதீர்கள். அவர் உங்களிடம் சொல்லும் ‘அடுத்த வாரம் முடிஞ்சிடும் சார்’ என்பதைத்தானே நீங்கள் பதிப்பாளரிடம் சொல்கிறீர்கள்?