குதிரை இயல்

கைத்துப்பாக்கிக்கு உயிர்நிலை குதிரை. குதிரை என்றது ஈண்டு நாலு கால் விலங்கை அன்று. விசையை இழுத்ததும் பாய்ந்து விழுந்து நெருப்பெழுப்பும் அந்தச் சுத்தியை. பழைய ராணுவத் துப்பாக்கி சேர்க்கப் புகுவோர், அது தானாகப் பாயாதபடி கட்டிவைத்த முறைகளை முதற்கண் அறிக. அவை அறுவகைப்படும். ஐவகை என்பாரும் உளர். அவர்கள் பெங்களூர் சிவாஜி நகரில் பழம்பொருள் வாங்கி அறியாதவர்கள்.

முதலாவது அரைக்கட்டுக் குதிரை. சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிகள் இவ்வகை. திப்பு சுல்தானின் பட்டறைகளில் குதிரையைப் புலி வடிவில் செய்ததும் உண்டு. புலியாயினும் இலக்கணப்படி குதிரையே. அதைப் பாதி இழுத்து நிறுத்தினால், உள்ளே ஓர் இரும்பு நாக்கு ஆழமான வெட்டில் போய் மாட்டிக்கொள்ளும். விசையை இழுத்தாலும் விடாது. இது ஏட்டுச் சுரைக்காய். இருநூறு வருஷத்தில் நாக்கு நுனி தேய்ந்திருந்தால், மாட்டியதுபோல் பாசாங்கு செய்யும்.

இங்கே ஓர் இடைச்செருகல். கட்டு கிடக்கட்டும், உள்ளே மருந்து இருக்கிறதா? ஈரம் படாத கருமருந்து நூற்றாண்டு கடந்தும் பற்றும். குழல்வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாமல், ஒரு மரக்குச்சியை மெல்ல நுழைத்து, நின்ற இடத்தில் வாயோரமாகப் பென்சில் கோடு போடுங்கள். வெளியே எடுத்து, கோடு குழல்வாய்க்கு நேராக வரும்படி குழலின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். குச்சி முனை, தீ நுழையும் துளை வரை வரவேண்டும். இரண்டு விரற்கடை முன்னதாகவே நின்றிருந்தால், துப்பாக்கிக் கம்மியரைக் கூப்பிடுங்கள். நீங்கள் நோண்டவேண்டாம்.

இரண்டாவது காலி லாயம். 1873ஆம் ஆண்டுக் கோல்ட் ரிவால்வரில் அறைகள் ஆறு; விவரமானவர்கள் ஐந்தில்தான் தோட்டா போட்டார்கள். குதிரை ஓய்வெடுப்பது ஆறாவதன்மேல்.

மூன்றாவது வால் நறுக்கியது. டாங்கிக்காரர்களின் சாமான்களில் சிக்குகிறதென்று 1938இல் என்ஃபீல்டு ரிவால்வர்க் குதிரையின் கொம்பைச் சீவிவிட்டார்கள். இதைக் காப்பு என்பதா, சவரம் என்பதா?

நான்காவது பலகை மாட்டியது. ஜெர்மன் ராணுவம் 1908இல் ஏற்ற லூகர் கைத்துப்பாக்கியில் குதிரையே கிடையாது; உள்ளே பாய்வது ஊசி. காப்பு நெம்புகோலைத் திருப்பினால் ‘கெஸிஷெர்ட்’, அதாவது ‘பத்திரம்’, என்ற எழுத்து எட்டிப் பார்க்கும். அறையில் தோட்டா இருந்தால் இன்னோர் இடத்தில் ‘கெலாடன்’, ‘நிரப்பியாயிற்று’ என்று தலைதூக்கும். இரண்டும் ஒருசேரத் தெரியும்போது, அரசாங்க அலுவலகத்தில் இரண்டு அறிவிப்புப் பலகைக்கு நடுவே நிற்பதுபோல் இருக்கும்.

ஐந்தாவது தானே உதைப்பது. ஜப்பானின் நம்பு 94 கைத்துப்பாக்கியில் விசையோடு சேர்ந்த பட்டை இடப்பக்கம் வெளியே கிடக்கிறது. காப்பை எடுத்துவிட்டால், விசையைத் தொடாமல் அந்தப் பட்டையை அழுத்தினாலே வெடிக்கும். குதிரை லாயத்தில், கயிறு தெருவில்.

ஆறாவது வார்ப்புக் குதிரை. 4,500 ரூபாய்க்கு நான் வாங்கியது; பிடியில் ‘திப்பு 1802’ என்று பொறித்திருந்தது. திப்பு இறந்தது 1799 மே 4. வீட்டுக்கு வந்து குதிரையை இழுத்தேன், அசையவில்லை; உடலோடு சேர்த்து ஒரே பித்தளையாக ஊற்றியிருக்கிறார்கள். சரிசெய்தாலும் சுடவே முடியாத பழம் ஆயுதத்துக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்கு தருகிறது. என்னுடையது எந்தக் கம்மியர் வந்தாலும் சுடாது; பழமைக்குத்தான் இன்னும் நூறு வருஷம் காத்திருக்கவேண்டும்.