மூட்டுக்குள் ஒரு பெரியப்பா

மார்க் ஃபெல்ட்மன் மெல்போர்னில் மருத்துவம் படித்துவிட்டு வெள்ளணுக்களின் பின்னால் போனவர்; வெள்ளணு ஃபீஸ் தராது என்று தெரிந்தும். 1980களில் லண்டனில், லூதியானாவில் பிறந்த மூட்டு மருத்துவர் ரவீந்தர் மைனியுடன் கூட்டுச் சேர்ந்தார்.

முடக்குவாதத்தில் நோயெதிர்ப்பு அணுக்களே சொந்த மூட்டை அரிக்கும். வீங்கிய மூட்டுக்குள் சைட்டோகைன்கள் என்ற ரசாயனத் தூதர்கள் கூட்டமாக நிற்பார்கள். ஒருவனை அடக்கினால் அடுத்தவன் வேலையைப் பார்த்துக்கொள்வான், ஆகவே முயற்சியே வீண் என்றார்கள் விவரம் தெரிந்தவர்கள். கல்யாண வீட்டுச் சண்டையைப் பார்த்திராத மேதைகள். அங்கே நாற்பது பேர் கத்தினாலும், ஒரேயொரு பெரியப்பாவை காபி சாப்பிட வெளியே கூட்டிப்போனால் மண்டபம் அடங்கிவிடும். ஃபெல்ட்மன் குழு நோயாளிகளின் மூட்டுத் திசுவைத் தட்டில் வளர்த்து, டிஎன்எஃப் என்ற தூதனை மட்டும் தடுத்தது. அடுத்த வம்பன் இன்டர்லூக்கின்-1 தானாக அடங்கினான். 1989இல் லான்செட் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. பெரியப்பா அகப்பட்டுவிட்டார்.

மருந்துக் கம்பெனிகள் அசரவில்லை. ஆனால் அமெரிக்காவின் சென்டோகார் கையில், ரத்தத்தில் கிருமி பரவும் நோய்க்கென்று வைத்திருந்த டிஎன்எஃப் தடுப்பு மருந்து ஒன்று இருந்தது. கால்வாசி எலிப் புரதம், மீதி மனிதப் புரதம். எலி எப்போதும் யாருக்காவது வாகனம்தானே! அங்கே ஆராய்ச்சித் தலைவர் ஜேம்ஸ் வூடி, ஃபெல்ட்மனின் பழைய மாணவர். குருதட்சணையாகக் குப்பிகள் லண்டன் வந்தன.

1992, சேரிங் கிராஸ் மருத்துவமனை. எந்த மருந்துக்கும் மசியாத 20 நோயாளிகள். மருந்து ஏற்றிய சில வாரங்களில் வீக்கமும் வலியும் இறங்கின. மருந்தின் வேகம் தீர்ந்ததும் நோய் திரும்பியது. மறுபடி ஏற்றினால் மறுபடி அடங்கியது. 1994இல் 73 பேரிடம், போலி மருந்தோடு ஒப்பிட்டுக் காட்டியபின் சந்தேகப் பேர்வழிகளும் ஓய்ந்தார்கள். 1999இல் சென்டோகாரை ஜான்சன் அண்ட் ஜான்சன் 490 கோடி டாலருக்கு வாங்கியது. 2003இல் குருவுக்கும் மைனிக்கும் லாஸ்கர் மருத்துவ விருது.

ஆனால் பெரியப்பா முழு வில்லன் இல்லை. நுரையீரலில் தூங்கும் காசநோய்க் கிருமிக்குக் காவல் இருப்பவரும் அவரே. அவரைக் கட்டிப்போட்டால் அது எழுந்துகொள்ளும். அதனால் இன்று ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம்.

இந்தக் காசநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் பழைய உறவு வேறு. முடக்குவாதமும் காசநோய் போன்றதுதான் என்று எண்ணி, 1929இல் பிரெஞ்சு மருத்துவர் ழாக் ஃபாரெஸ்தியே அப்போது காசநோய்க்குப் போட்டுவந்த தங்க உப்பையே நோயாளிகளுக்கு ஊசியில் ஏற்றினார். கணக்கு தப்பு, ஆனால் பலருக்கு வலி குறைந்தது! பிறகென்ன, பல பத்தாண்டுகள் உலகமே தங்க ஊசி போட்டுக்கொண்டது. சேதாரத்தைச் சிலர் சிறுநீரகத்தில் கட்டினார்கள்.