வந்தால் மலை, போனால் மயிர்

சிங்கக் கொழுப்பு, நீர்யானைக் கொழுப்பு, முதலைக் கொழுப்பு, பூனைக் கொழுப்பு, பாம்புக் கொழுப்பு, மலையாட்டுக் கொழுப்பு. ஆறையும் ஒன்றாகக் கலந்து சொட்டையில் தேய்க்க வேண்டியது. கி.மு. 1550 வாக்கில் எகிப்தில் எழுதப்பட்ட ஏபர்ஸ் பாப்பிரஸ் என்ற மருத்துவச் சுவடி சொல்லும் வைத்தியம் இது. சிங்கத்திடமும் முதலையிடமும் போய்க் கொழுப்பு வாங்கிவர வேண்டுமானால், போகிற ஆளுக்கே கொழுப்பு கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். போனவர்களில் எத்தனை பேருக்கு முடி முளைத்தது என்று சுவடி சொல்லவில்லை. எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்றும் சொல்லவில்லை.

அதே சுவடியில், தேத்தி மன்னரின் தாயாருக்கென்றே தயாரித்த ஸ்பெஷல் தைலம் ஒன்றும் இருக்கிறது. நாயின் கால்விரல், பேரீச்சம்பழச் சக்கை, கழுதைக் குளம்பு மூன்றையும் எண்ணெயில் காய்ச்சித் தலையில் அரக்கித் தேய்க்க வேண்டும். ராஜமாதாவின் உச்சந்தலையில் கழுதைக் குளம்பைத் தேய்த்த வைத்தியருக்குத் தனியாக ஒரு பிரமிடே கட்டியிருக்கலாம்.

ஆயிரம் வருஷம் கழித்து அந்தப் பக்கம் போன கிரேக்கர் ஹெரோடோட்டஸ், எகிப்தில்தான் வழுக்கைக்காரர்கள் மிகக் குறைவு என்று எழுதி வைத்தார். சின்ன வயசிலேயே மொட்டை போட்டு வெயிலில் விடுகிறார்களாம், மண்டை இறுகிவிடுகிறதாம். மொட்டை போட்டால் முடி நன்றாக வளரும் என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொல்வதற்கு ஏறக்குறைய 2,500 வருஷத்து ஆதாரம் கிடைத்துவிட்டது. எல்லோரும் மொட்டையாகத் திரியும் ஊரில் எவன் வழுக்கை, எவன் மொட்டை என்று பிரித்தது எப்படி என்பதை மட்டும் அவர் விளக்கவில்லை.

அடுத்து ஹிப்பாக்ரடீஸ். மருத்துவத்தின் தந்தை. அவர் பெயரால் வழங்கும் நூல்களில் முடி உதிர்வுக்குப் புறா எச்சத்தைச் சிபாரிசு செய்திருக்கிறது. காக்கை எச்சமிட்டால் தலைமுழுகும் நமக்கு இது கொஞ்சம் உதைக்கும். ஆனால் அதே நூல்களில் இன்னொரு வரியும் உண்டு: விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கையும் வராது, கீல்வாதமும் வராது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் நிஜமாகவே முடிச்சுப் போட்ட மனிதர் அவர்தான். வழுக்கையைப் பொறுத்தவரை அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் புறா எச்சத்தோடு வரும் வைத்தியரிடம் தலையைக் கொடுக்கலாம், கத்தியோடு வருகிறவரிடம் எதைக் கொடுப்பது? விஷயம் அப்படியே கிடப்பில் போனது.

ஜூலியஸ் சீசரிடம் வருவோம். இன்றைய பிரான்ஸின் பெரும்பகுதியைப் பிடித்து ரோமாபுரியின் காலடியில் போட்ட மனுஷர். ஆனால் முன்மண்டை காலியாவதை அவரால் தாங்க முடியவில்லை. பின்னாலிருந்த நாலு முடியை முன்னால் இழுத்துவிட்டுச் சீவிக்கொண்டே இருந்தார் என்கிறார் வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ். செனட் சபை அவருக்கு வாரி வழங்கிய மரியாதைகளில் அவரை மிகவும் குளிர்வித்தது, எந்நேரமும் வெற்றி மாலையைத் தலையில் சூடிக்கொள்ளலாம் என்ற அனுமதிதான். வீரத்துக்குக் கொடுத்த இலைகள் விக் வேலை பார்த்தன. வெற்றி ஊர்வலத்தில் அவருடைய சொந்தப் படைவீரர்களே, ‘சொட்டைத் தலை மன்மதன் வருகிறான், வீட்டுப் பெண்களைப் பூட்டி வையுங்கள்’ என்கிற ரீதியில் பாடிக்கொண்டு போனார்கள். மயிரைக் கட்டி மலையை இழு, வந்தால் மலை, போனால் மயிர் என்பது நம் ஊர்ப் பழமொழி. சீசருக்கு மலை வந்தது, மயிர் போனது. மனுஷர் மயிருக்குத்தான் அழுதார்.

சீசரின் காதலி கிளியோபாட்ரா எழுதியதாகச் சொல்லப்பட்ட அழகுக் குறிப்பு நூலிலிருந்து ஒரு வழுக்கை மருந்தை, பிற்பாடு கேலன் என்ற வைத்தியர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். சுட்ட எலி, சுட்ட துணி, குதிரைப் பல், கரடிக் கொழுப்பு, மான் எலும்பு மஜ்ஜை, கூடவே தேன். எழுதியது அந்த மகாராணிதானா என்பது சந்தேகம். அவரே என்றால், சீசர் ஏன் இலையோடு நிறுத்திக்கொண்டார் என்பது விளங்குகிறது.

எல்லோரும் இப்படி அழுதுகொண்டிருக்கவில்லை. கி.பி. 400 வாக்கில் சைரீன் நகரத்து சினீசியஸ் என்ற அறிஞர், வழுக்கையைப் புகழ்ந்தே ஒரு நூல் எழுதினார். டியோ என்பவர் கூந்தலைப் புகழ்ந்து எழுதியதற்கு எசப்பாட்டு. பைபிளில் வரும் எலிசா தீர்க்கதரிசியோ நூல் எழுதி நேரத்தை வீணாக்கவில்லை. மொட்டைத் தலையன் என்று கேலி செய்த பையன்களைச் சபித்தார். காட்டிலிருந்து இரண்டு கரடிகள் வந்து 42 பேரைப் பீறிப் போட்டன. கரடிக் கொழுப்பைத் தேய்த்துக்கொள்வதைவிடக் கரடியையே ஏவிவிடுவது பலன் தரும் என்று தெரிகிறது.

பிரான்ஸ் நாட்டு மன்னர் பதின்மூன்றாம் லூயிக்கு இருபது வயதைத் தாண்டியதுமே முடி கொட்டத் தொடங்கியது. விக் மாட்டினார். ராஜா மாட்டினால் மந்திரி சும்மா இருப்பாரா? மகன் பதினான்காம் லூயி காலத்தில் ஐரோப்பாவின் பெரிய மனிதர்கள் எல்லோரும் விக் சுமந்தார்கள். ஒரு குடும்பத்தின் பரம்பரைக் கோளாறு ஒரு கண்டத்தின் நாகரிகமாயிற்று. 1795இல் பிரிட்டன் பிரதமர் பிட், விக்கில் தூவும் பவுடருக்கு வருஷத்துக்கு ஒரு கினி வரி போட்டார். விக் மோகம் அதோடு படுத்தது. சினீசியஸ் மூட முடியாத கடையை வரி மூடியது.

பிறகு எண்ணெய்க்காரர்கள் காலம். லண்டனில் ரோலண்ட் என்பவரின் மக்காசர் எண்ணெய் போட்ட போட்டில், நாற்காலிச் சாய்மானமெல்லாம் பிசுக்கேறி, அதன் மேல் போடவே தனியாகத் துணி தைக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் ரேடியோவும் ஃப்ரிட்ஜும் விற்ற கிராஸ்லி கம்பெனி, 1936இல் ‘செர்வாக்’ என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தது. தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார வேண்டும். பம்பு காற்றை உறிஞ்சும், பிறகு அழுத்தும். ரத்தம் மேலே பாயுமாம், முடி முளைக்குமாம். முளைத்ததோ இல்லையோ, இருந்த நாலும் உறிஞ்சலில் போயிருந்தால் ஆச்சரியமில்லை.

உண்மை வேறு வழியாக வந்தது. 1942இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறு அறிஞர், ஹிப்பாக்ரடீஸின் பழைய முடிச்சை எடுத்து அவிழ்த்தார். விதை இல்லாத ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு மட்டும் விழுந்தது. நிறுத்தினால் விழுவதும் நின்றது. போனது மட்டும் திரும்பவில்லை. ஆண்மையும் பரம்பரையும் கூட்டணி வைத்தால் தலை காலி, அவ்வளவுதான்.

மருந்து கண்டுபிடித்தவர்கள் யாரும் தலையைப் பார்க்கவே இல்லை. அப்ஜான் கம்பெனி மினாக்ஸிடில் மாத்திரையைச் செய்தது ரத்தக் கொதிப்புக்கு. சாப்பிட்டவர்களுக்கு முகத்திலும் கையிலும் முடி முளைத்தது. கொலராடோவில் கூண்டர் கான் என்ற தோல் மருத்துவரும் சகாவும் அதைக் கரைத்துத் தங்கள் கையிலேயே தடவிப் பார்த்தார்கள், முளைத்தது. 1988இல் அது தலையில் தடவும் மருந்தாக அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. ஃபினாஸ்டரைடின் கதை டொமினிகன் குடியரசின் சாலினாஸ் என்ற ஊரில் தொடங்குகிறது. அங்கே ஒரு நொதிக் குறைபாட்டோடு பிறந்த ஆண்களுக்குப் பிராஸ்டேட் சிறியது, வழுக்கையும் இல்லை என்று 1974இல் தெரியவந்தது. மெர்க் கம்பெனி அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரையை 1992இல் பிராஸ்டேட் வீக்கத்துக்குக் கொண்டுவந்தது; 1997இல் அதுவே 1 மில்லிகிராம் அளவில் வழுக்கைக்கு வந்தது. சிங்கத்தின் பின்னால் ஓடியவர்களுக்குக் கிடைக்காதது, இதயத்தையும் சிறுநீர்ப் பாதையையும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மடியில் விழுந்தது.

இரண்டு மருந்துக்கும் ஒரே நிபந்தனை: சீக்கிரம் வரவேண்டும். இருக்கிற வேரைக் காப்பாற்றும், மெலிந்ததைத் தேற்றும். செத்த வேரை எழுப்பாது. ஆகவே சீப்பில் வரும் முடியை எண்ணி மாள வேண்டாம். நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு வரை உதிர்வது எல்லோருக்கும் உண்டு. பார்க்க வேண்டியது இடத்தை. நெற்றியின் இரண்டு ஓரமும் மேலே ஏறுகிறதா? உச்சியில் சுழிக்குப் பக்கத்தில் தோல் தெரிகிறதா? இதை முதலில் கண்டுபிடிப்பவர் முடி வெட்டுகிறவர்தான். நாகரிகம் கருதி வாயை மூடிக்கொண்டிருப்பார். உதிரும் முடி முன்னைவிட மெல்லிசாக, குட்டையாக இருக்கிறதா? அப்பா வழி மட்டுமல்ல, தாய்மாமன் தலையையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. வட்டமாகக் காசு அளவுக்குக் கொட்டினால் அது புழுவெட்டு. காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டினால் அதுவும் வேறு சங்கதி, பெரும்பாலும் தானே சரியாகும். எது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டியவர் தோல் மருத்துவர்.

அவர் மருந்து எழுதினால் நாலைந்து மாதமாவது பொறுக்க வேண்டும். மினாக்ஸிடில் ஆரம்பத்தில் இன்னும் கொஞ்சம் கொட்டவைத்துப் பயமுறுத்தும். ஃபினாஸ்டரைடு சிலருக்குப் படுக்கையறை ஆர்வத்தைக் குறைக்கும்; அப்படியானால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரண்டையும் நிறுத்தினால், காத்து வைத்த முடி சில மாதங்களில் கிளம்பிவிடும். பின்மண்டை முடியை முன்னால் நட்டால் அது பின்மண்டைக் குணத்தோடு நிலைக்கும் என்று நியூயார்க்கில் ஓரென்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் 1959இலேயே எழுதிவிட்டார். சீசர் சீப்பால் செய்ததைச் சர்ஜன் ஊசியால் செய்கிறார். ஆனால் நட்டதற்குப் பக்கத்தில் இருப்பது தொடர்ந்து கொட்டும் என்பதால், மருந்து அப்போதும் கூடவே வரும்.

இவ்வளவு தொல்லை வேண்டாம் என்றால் சினீசியஸ் கட்சியில் சேரலாம். சந்தா கிடையாது, பக்க விளைவும் கிடையாது. மாத்திரையா, சினீசியஸா என்று முடிவெடுக்க வேண்டியவர் தலைக்குச் சொந்தக்காரர். நடுவில் புகுந்து மூலிகை எண்ணெய் பாட்டிலை நீட்டுகிற ஆசாமியிடம், சிங்கக் கொழுப்பு ஸ்டாக் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். இருக்கிறது என்றுதான் சொல்வார்.