ஒழுகாத வேன்காரர்

இங்கிலாந்தில் சனிக்கிழமை காலை வெயில் அடித்தால் ஊரே முகம் மலர்ந்து வெளியே வரும். ஒருவர் மட்டும் வானத்தைப் பார்த்து, "இன்றைக்கும் மழை இல்லையா?" என்று உதட்டைப் பிதுக்குவார். அவர் விவசாயி அல்ல. போன வாரம் தன் வேனின் கூரையில் தன் கையாலேயே துளை போட்டு, ரூஃப் ரெயில் பொருத்தி, சுற்றிலும் சீலன்ட் அடைத்துவிட்டு, அது ஒழுகுமா ஒழுகாதா என்று தெரியாமல் தூக்கம் கெட்டுக் கிடப்பவர்.

தெருவுக்கு ஒருவராவது இப்படி உண்டு. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். அவருடைய வேன் பிறவியிலேயே கேம்பர் வேன் அல்ல. ஏதோ ஒரு பிளம்பரிடம் மாடாய் உழைத்து ஓய்வு பெற்ற ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர். ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951-லேயே ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் படுக்கையும் அலமாரியும் வைத்து விற்க ஆரம்பித்துவிட்டது. அப்படி முழுசாக வாங்கக் காசு பத்தாதவர்களும், காசு இருந்தும் அடுத்தவன் கைவேலையை நம்பாதவர்களும் காலி வேனை வாங்கித் தாங்களே வீடாக்கிக்கொள்கிறார்கள். நம்மவர் தன்னை இரண்டாம் வகை என்பார். அவர் மனைவி, முதல் வகை என்பார்.

ரெயில் எதற்கு என்று கேட்கக் கூடாது. கேட்டால் உட்கார வைத்து டீ கொடுத்துச் சொல்வார். அலைச்சறுக்குப் பலகை வைக்கவாம். இவர் குடியிருப்பது டெர்பிஷையரில். பிரிட்டனிலேயே கடலுக்கு மிகத் தொலைவான இடம் என்று காட்டப்படுவது அந்த மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள ஒரு பண்ணை. அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடற்கரையைப் பார்க்கக் குறைந்தது 113 கிலோமீட்டர் போக வேண்டும். பலகை இன்னும் வாங்கவில்லை. அடுத்த காரணத்தில் சட்டம் வரும். வாகனப் பதிவில் 'மோட்டார் கேரவன்' என்று எழுதித் தர, உள்ளே படுக்கையும் அடுப்பும் இருந்தால் மட்டும் போதாது. வெளியிலிருந்து பார்த்தாலும் கேரவன் மாதிரித் தெரிய வேண்டும் என்கிறார்கள் பதிவு அதிகாரிகள். பக்கவாட்டு ஜன்னல்கள், பந்தல் துணி இழுக்கும் கம்பி, உயரக் கூரை என்று ஒரு பட்டியலே உண்டு. பந்தல் வேண்டுமென்றால் ரெயில் வேண்டும், ரெயில் வேண்டுமென்றால் துளை வேண்டும் என்று முடிப்பார். உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். எதிர்வீட்டு வேனில் ரெயில் இருக்கிறது.

துளை போடும் நாள் வீட்டில் பண்டிகை. வேனின் உள்கூரைத் துணி முதல் நாளே கழற்றப்பட்டு ஹாலில் கிடக்கும். ஏணி மேல் ஏறி, அளந்து, மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் மேல் பென்சிலால் புள்ளி வைப்பார். டேப் இல்லாவிட்டால் டிரில் வழுக்கிப் பெயின்ட்டில் கோலம் போட்டுவிடும். திரும்ப அளப்பார். உள்ளே போய், அந்த இடத்துக்குக் கீழே குறுக்குச் சட்டமோ ஒயரோ ஓடுகிறதா என்று தடவிப் பார்ப்பார். மறுபடியும் அளப்பார். கூரைத் தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனாலும் டிரில்லைக் கையில் எடுத்ததும், குழந்தையை மாமன் மடியில் வைத்துக் காது குத்தும் ஆசாரியின் நிதானம் அவருக்கு வந்துவிடும். முதலில் 3 மி.மீ. பிட், பிறகு படிப்படியாகப் பெரிது. 6 மி.மீ. போல்ட்டைப் பிடிக்கும் ரிவெட் நட் உட்கார 9 மி.மீ. துளை வேண்டும். தகடு கிழிந்து டிரில் உள்ளே இறங்கும் அந்தக் கணத்தில், ஏணியைப் பிடித்திருக்கும் மனைவி கண்ணை மூடிக்கொள்வார். துக்கத்தால் அல்ல, இரும்புத்தூள் கண்ணில் விழுகிறது.

அந்தத் தூளைப் பற்றித் தனியே ஒரு பிரசங்கம் உண்டு. ஒரு துகள் கூரையில் தங்கினாலும் ராத்திரிப் பனியில் துருப்பிடித்து, விடிந்தால் பெயின்ட்டில் பழுப்புப் புள்ளி. ஆகவே வீட்டு வேக்குவம் கிளீனர் கூரைக்கு ஏறும். ஹாலில் ஒரு மாதத் தூசி இருக்கும்போது வராத அக்கறை இது என்று உள்ளிருந்து ஒரு குரல் வரும். அது அவர் காதில் விழாது. துளையின் விளிம்பை அரத்தால் வழித்து, பிரஷ்ஷின் நுனியில் பிரைமர் தொட்டு, வெட்டுப்பட்ட இரும்பு ஒரு மயிரிழைகூட வெளியே தெரியாமல் பூசி, காய்ந்ததும் இன்னொரு தடவை பூசுவார். இந்த இடத்தில் அவரைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. பூசாமல் விட்ட பச்சைத் துளையின் விளிம்பிலிருந்து புறப்படும் துரு கூரையையே தின்றுவிடும்.

அடுத்து சீலன்ட். மனிதர் மதம் மாறினாலும் மாறுவார், சீலன்ட் மாற மாட்டார். தப்பித் தவறி நீங்கள் "பாத்ரூம் சிலிகான் போதுமே" என்று சொல்லிவிட்டால் தொலைந்தது. மலிவுச் சிலிகான் காயும்போது வினிகர் வாடை வருமே, அது வினிகரில் இருக்கும் அதே அமிலம், இரும்பைக் கடிக்கும். அது பட்ட இடத்தில் பிறகு பெயின்ட்டும் ஒட்டாது என்று மூச்சு விடாமல் பொழிவார். அவருடைய குலதெய்வம் பாலியூரித்தேன். காய்ந்த பிறகும் ரப்பராக நிற்கும். வேன் குலுங்கினாலும், வெயிலில் தகடு விரிந்து குளிரில் சுருங்கினாலும் பிடி விடாது. ஆனால் காற்றின் ஈரத்தைக் குடித்து மேலிருந்து உள்ளே ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே காயும். அதுவரை போல்ட்டை இறுக்கக் கூடாது. இறுக்கினால் சீலன்ட் முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடும், உள்ளே தடுக்க ஒன்றும் மிஞ்சாது. பாதி இறுக்கி, காய விட்டு, பிறகு முழுக்க இறுக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லும்போது அவர் விரல்கள் கறுப்பு. துணியால் துடைத்தால் துணி கறுக்குமே தவிர விரல் வெளுக்காது. கதவுக் கைப்பிடியில் கறுப்பு, கெட்டிலில் கறுப்பு, நாயின் இடது காதில் கறுப்பு. தோல் உரிந்து போனால்தான் போகும்.

பிறகுதான் மழைக்கான தவம். பொறுமை இல்லாத நாளில் தோட்டத்து ஹோஸ் வரும். அவர் மேலே நின்று தண்ணீர் அடிப்பார். மனைவி உள்ளே டார்ச்சுடன் மல்லாந்து படுத்திருப்பார்.

"வருகிறதா?"

"இல்லை."

"நன்றாகப் பார்த்தாயா?"

"நான் வேறு எதைப் பார்ப்பது?"

ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் டிஷ்யூ பேப்பர் சுற்றியிருக்கும். காய்ந்தே இருந்தாலும் அவருக்குத் திருப்தி இல்லை. தண்ணீர் நுழைகிற இடம் ஒன்று, சொட்டுகிற இடம் ஒன்று. சட்டத்தின் மேலேயே ஊர்ந்து போய் எங்கோ ஒரு மூலையில் தலை காட்டும் என்பார். அது உண்மைதான். அந்த உண்மை தெரிந்ததால்தான் மனிதருக்கு நிம்மதி இல்லை.

ஆகவே முதல் உல்லாசப் பயணம் சீத்வெய்ட்டுக்கு. ஏரி மாவட்டத்தில் இருக்கும் அந்தக் குக்கிராமம், இங்கிலாந்தில் மனிதர் குடியிருக்கும் இடங்களிலேயே அதிக மழை பெய்வது. ஆண்டுக்கு 3000 மி.மீட்டருக்கு மேல். ஊர்வலத்துக்குக் குடை கொண்டு போவார்கள், குடையைச் சோதிக்க ஊர்வலம் போகிறவர் இவர் ஒருவர்தான். வழியில் சூப்பர் மார்க்கெட்டில் நிறுத்தப் பார்த்தார்கள். நுழைவாயில் தடுப்புக் கம்பியில் '2 மீட்டர்' என்று எழுதியிருந்தது. ரெயில் வருமுன் மயிரிழையில் நுழைந்த வேன் இப்போது நுழையாது. தெருவோரம் நிறுத்திவிட்டு மனைவி மட்டும் போய் ரொட்டியும் பாலும் வாங்கி வந்தார். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இரவு முழுக்கக் கொட்டித் தீர்த்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு டார்ச்சோடு விழித்திருந்தவர், விடியும்போது ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிவதைக் கண்டு அலறி எழுந்தார். கூரையில் ஆங்காங்கே முத்து முத்தாகத் துளிகள். ஆனால் போல்ட் எல்லாம் காய்ந்தே இருந்தன. வெகுநேரம் தடவிப் பார்த்த பிறகு புரிந்தது: மழைத் தண்ணீர் அல்ல, இரண்டு பேர் ராத்திரி முழுக்க விட்ட மூச்சு குளிர்ந்த தகட்டில் பட்டு நீராகியிருக்கிறது.

"நீ வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாய்" என்றார்.

"அதையும் சீலன்ட் வைத்து அடைத்துவிடேன்" என்றார் மனைவி.

அவர் பதில் சொல்லவில்லை. நிமிர்ந்து கூரையின் நடுவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு காற்றுப்போக்கி விசிறி வைத்தால் இந்த ஈரம் தங்காது. அதற்கு நாற்பது சென்டிமீட்டருக்கு நாற்பது சென்டிமீட்டர் சதுரமாகக் கூரையை வெட்ட வேண்டும்.

"அது ஒழுகாதா?" என்று மனைவி கேட்டார்.

அன்று முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. டேப்பையும் பென்சிலையும் தேடிக்கொண்டு பின்கதவைத் திறந்தார்.